நாலு வார்த்தையும் ஒரு கட்டிலும்

நோயாளிகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சியில் அவளுக்கு முன்னாடியக்கா என்று பெயர். வைத்தவர்கள் கூட வேலை பார்த்த பெண்கள். யாராவது அலுத்துக்கொண்டு வந்து, "அக்கா, அந்தம்மா இன்னைக்கு என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டாங்க" என்றால், "ஐயோ பாவம்" என்று சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்பாள். தலைவலி என்று ஒருத்தி உட்கார்ந்தாலும் இதே கேள்விதான். "டீ குடிக்க வர்றியாக்கா?" என்று கூப்பிடுகிறவர்கள், அவள் வாயைத் திறப்பதற்குள், "முன்னாடி ஒண்ணும் நடக்கலக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று தாங்களே பதிலும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். டீயையும் குடிப்பாள்.

அந்தக் கேள்விக்குச் சம்பளம் கிடையாதே தவிர, பலன் இருந்தது. ஒரு வீட்டில் எண்பது வயது அம்மாள் தினமும் சாயங்காலம் "என்னால முடியல, என்னால முடியல" என்று புலம்புவார். டாக்டர் வலி மாத்திரையைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். அந்த அம்மாள் பகலெல்லாம் தூங்கி வழிந்ததுதான் மிச்சம். அக்கா அங்கே வேலைக்குப் போன மூன்றாம் நாள், புலம்பல் தொடங்குவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தாள். ஏழு மணிக்கு மருமகன் டிவியில் செய்தி போடுவார். நாலு பேர் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் கத்துவார்கள். அந்த அம்மாளால் அதைத்தான் முடியவில்லை. டிவி அடுத்த அறைக்குப் போனது; மாத்திரை பழைய அளவுக்கு வந்தது. மருமகனுக்கு மட்டும் அக்காமேல் கடைசிவரை வருத்தம்.

முப்பத்துமூன்று வயதுவரை அவள் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடினார்கள். ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். படுத்திருப்பவரைப் புரட்டுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, விழுங்க முடியாதவருக்கு ஊட்டுவது, தொடுவதற்கு முன்னால் குரல் கொடுப்பது. பிறகு இருபத்தைந்து வருடமாக அதே வேலை. எத்தனை பேரைப் பார்த்தாய் என்று கேட்டால் எண்ணவில்லை என்பாள். போய்ச் சேர்ந்தவர்களை நினைத்து உருகுகிற ஆளும் இல்லை. மறுநாள் எட்டு மணிக்கு வேறொரு வீட்டில் வேறொருவர் ஈரத் துணியோடு காத்திருப்பார்.

வார்த்தையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதை அவள் பயிற்சியில் கற்கவில்லை, வீட்டுக்காரரிடம் கற்றாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னால் சம்மதம். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். தட்டில் கையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னால் அந்தக் காரியத்தைக் கைவிட்டுவிடுவது நல்லது. முதல் இரண்டு வருடம் அவள் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அடி வாங்காத குறையாக வாழ்ந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் சர்வேயர் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

சர்வேயருக்கு வயது எழுபத்தாறு. நிலம் அளந்தே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது மூளையில் அடைப்பு வந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சில் நாலு வார்த்தைதான் மிஞ்சியது: சரி, வா, அப்புறம், போதும். ஒரு கெட்ட வார்த்தையும் தப்பிப் பிழைத்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. மனைவி முன்பே இறந்துவிட்டதால் மகள் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை பார்த்துக்கொள்ள அக்கா வந்தாள்.

மகள் வீட்டில் அவருக்குக் கொடுத்தது சின்ன அறை. கட்டிலின் வலது பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. இடது பக்கம் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம், அதற்கு அப்பால் கதவு. இரண்டு வருடம் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு வார்த்தையைப் படித்தாள். மென்றுகொண்டிருக்கும்போது "சரி" என்றால் ஸ்பூனை நிறுத்து, விழுங்கிக்கொள்கிறேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு "சரி" என்றால் திரையை இழுத்து விடு. டாக்டரிடம் சொல்லும் "சரி"க்கு அர்த்தமே கிடையாது, அது மரியாதை. உங்களை எண்ணெயில் போட்டு வறுக்கப்போகிறோம் என்று டாக்டர் சொன்னாலும் சரி என்பார். காலையில் "அப்புறம்" வந்தால் வலது தோளில் வலி. அதுவே ஊரிலிருந்து தங்கை போனில் பேசும்போது வந்தால், நிறுத்தாதே, இன்னும் சொல். அவளைப் பார்த்து "வா" என்றால் சிறுநீர். மகளைப் பார்த்து என்றால் பக்கத்தில் வந்து உட்கார்.

"போதும்" அங்கே அபூர்வம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் அளவுக்கு மீறிக் காலை மடக்கினால் வரும். எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து தன் மூலநோய் பற்றி அரைமணி நேரம் பேசினால் வரும். வந்தால், எழுந்து போ என்று அர்த்தம். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் மகள் திடீரென்று, "ஒரு மாசம் அப்பா அண்ணன் வீட்டுல இருக்கட்டும்க்கா. ஒத்து வந்தா அங்கேயே இருக்கட்டும். நீங்களும் கூடப் போங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. அண்ணன் தங்கைக்குள் ஏதோ தகராறு, பொறுப்பை மாற்றிவிடப் பார்க்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. பெரிய வீடு, சின்ன வீடு என்று எந்த வீட்டிலும் குடும்பக் கதையில் தலையிடாதே என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

"அண்ணிக்கு ஒண்ணும் புரியாது. நாலு வார்த்தைக்கும் என்ன அர்த்தம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று மகள் கேட்டாள். அக்காவுக்கு இஷ்டமில்லை. தாளில் எழுதினால் அது மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் எழுதினாள். 'போதும்' என்பதற்கு எதிரே, 'இவர் வேண்டாம், வெளியே போகட்டும்' என்று எழுதினாள். மகன் வீட்டில் அந்தத் தாள் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டது.

மகன் தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அமைதியானவர். மருமகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்க, புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி, அவளுக்குக் குரல் என்றால் ஒரே அளவுதான் என்று ஆகிவிட்டிருந்தது. ரகசியம் சொன்னாலும் மூன்றாவது மாடியிலிருந்து கீழே காவல்காரருக்குக் கேட்கும்.

அந்த வீட்டில் அறை பெரிது, காற்றோட்டம் அதிகம், ஜன்னல் இரண்டு. கட்டிலைப் போடும்போது ஒரே ஒரு சிக்கல். படுக்கைப் புண் வராமல் இருக்க அவர் படுத்திருந்தது காற்று மெத்தை. அதன் மோட்டாருக்கு வயர் குட்டை. பிளக் போடும் இடமோ ஒரு சுவரில் மட்டும். அதற்குத் தோதாகக் கட்டிலைப் போட்டார்கள். ஜன்னல் அவருக்கு இடது பக்கம் வந்தது, கதவு வலது பக்கம். அக்காவின் நாற்காலி ஜன்னலோரம். நல்ல வெளிச்சம் என்று அவளே சொன்னாள்.

முதல் நாள் மருமகள் வேலை முடிந்து கதவைத் திறந்துகொண்டு, "மாமா! எப்படி இருக்கீங்க?" என்று உள்ளே வந்தாள்.

"போதும்!" என்று அலறினார் சர்வேயர். கூடவே அந்தக் கெட்ட வார்த்தையும்.

மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் போய்ப் படித்தாள். "இவர் வேண்டாம், வெளியே போகட்டும். ம். தெளிவாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாளும் அப்படியே. தண்ணீர் கொண்டுவந்தாள்: போதும். போர்வையைச் சரிசெய்ய வந்தாள்: போதும். மகன் ஆபீஸ் போகுமுன் சொல்லிக்கொள்ள எட்டிப் பார்த்தாலும் போதும்தான். அக்காவுக்கு மட்டும் ஒரு முறைகூட வரவில்லை. இது அவள் மனதில் பதிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இல்லாமல் இல்லை. இரண்டு வருடம் சேர்ந்து இருந்த பழக்கம் வேறு என்ன, என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது புதுசு இல்லக்கா" என்றாள் மருமகள் ஒரு நாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷம். ஒரு நாள் என் வண்டில ஏறினதில்லை மனுஷன். மழை கொட்டுது, வாங்க மாமா கொண்டு போய் விடறேன்னா, குடையை விரிச்சுட்டு நடந்து போறார். பொம்பளை ஓட்டற வண்டி. நனைஞ்சாலும் பரவாயில்லை."

"அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பத்தொன்பது வருடத்துக் கதைக்கு முன்னாடி என்ன என்று கேட்டால் பொழுது போய்விடும். அவளுக்கும் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. மாமனாருக்கு மருமகளைக் கண்டால் ஆகாது. மகனையும் அவ்வளவாகப் பிடிக்காது. பழைய கணக்கு, வாய் போன பிறகும் நாலு வார்த்தைக்குள் புகுந்துகொண்டு வெளியே வருகிறது. பார்க்கிறவர்கள் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. மகள் போன் செய்தாள். "உண்மையைச் சொல்லுங்கக்கா. அங்க ஒத்து வருதா?"

"வரலம்மா. 'போதும்'ங்கறதுதான் வாயில. அவங்க ரெண்டு பேரையும் உள்ளயே விட மாட்டேங்கறார். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவருக்கு இங்க பிடிக்கல."

சரி, திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வாள் என்றுதான் அக்கா எதிர்பார்த்தாள். அந்த எதிர்பார்ப்பில்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்லவும் செய்தாள்.

"அப்ப முதியோர் இல்லத்துலதான் சேர்க்கணும்" என்றாள் மகள். "எனக்கு முதுகுல ஆபரேஷன்க்கா. அப்பாவைத் தூக்கித் தூக்கி எலும்பு நகர்ந்துடுச்சு. ஆறு மாசம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதாம். யார்கிட்டயும் சொல்லல, அப்பா காதுல விழுந்துடப் போகுதுன்னு. அண்ணன் வீட்டுல ஒத்து வந்துடும்னு நம்பிட்டு இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கு. ஒரு இடம் காலியா இருக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து எல்லாத்தையும் முடிவு பண்ணிடறேன். திங்கக்கிழமை வண்டி சொல்லிடலாம்."

அந்த இல்லத்தை அக்காவுக்குத் தெரியும். எட்டு மாதம் அங்கே வேலை பார்த்திருக்கிறாள். கெட்டவர்கள் அங்கே யாரும் இல்லை, நேரம்தான் இல்லை. பதினோரு கட்டிலுக்கு ஓர் ஆள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். மணி அடித்துக் கூப்பிடத் தெரிந்தவர்களுக்கும், வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கும் பழுதில்லை. நாலே வார்த்தை வைத்திருப்பவர் அங்கே போனால் ஒரு வாரத்தில் அந்த நாலும் வெறும் சத்தம் ஆகிவிடும். "அவர் எப்பவும் சரி சரின்னு ஏதாவது சொல்லிட்டிருப்பார், கண்டுக்காதே" என்று ஒருத்தி அடுத்தவளிடம் சொல்லிவிட்டுப் போவாள். தோள் வலித்தால் வலித்துக்கொண்டிருக்கும். அக்காவே அங்கே இருந்தபோது அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

ஆனாலும் சொன்னது சொன்னதுதான். பிடிக்காத வீட்டில் ஒருவரை வைத்திருப்பதும் நல்லதல்ல. வெள்ளிக்கிழமை முழுக்க அவள் இதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு துணி மடித்தாள்.

சனிக்கிழமை மருமகள் மதியமே வந்துவிட்டாள். "திங்கக்கிழமை போயிடுவார். ஒரு வேளையாவது நான் ஊட்டறேன்க்கா. துப்பினா துப்பட்டும்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அக்கா தன் நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வேகவைத்த முட்டை, மசித்த காய்கறி, பாலில் ஊறவைத்த ரொட்டி. இப்போதெல்லாம் சர்வேயர் இடது கையால் தானே ஸ்பூனைப் பிடிப்பார். தட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அவர் மருமகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டார். தட்டின் இடது பாதி காலியானது. வலது பாதியில் முட்டையும் ரொட்டியும் அப்படியே இருந்தன. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அவ்வளவுதானா மாமா? என் கையால பாதிதானா?" என்றாள் மருமகள்.

அக்கா குனிந்து தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். சர்வேயர் மறுபடி ஸ்பூனை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

மருமகள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது என்ன வித்தை?"

"வித்தையும் இல்ல ஒண்ணும் இல்ல. வலது பக்கம் இருக்கறது அவருக்குத் தெரியாது. அடைப்பு வந்ததுலேருந்து அப்படித்தான். ரெண்டு கண்ணுலயும் வலது பாதி கிடையாது. தினம் பாதி சாப்பாட்டுக்கு அப்புறம் திருப்பி வெச்சுடுவேன்."

"தெரியாதுன்னா? மங்கலாவா?"

"சுத்தமாத் தெரியாது."

மருமகள் கதவைப் பார்த்தாள். "அக்கா. நான் தினம் எந்தப் பக்கமா வர்றேன்?"

அக்காவும் கதவைப் பார்த்தாள். வலது பக்கம்.

"கார்ல கண்ணாடிக்குச் சிக்காத ஒரு இடம் இருக்கு. அங்கேருந்து ஒரு லாரி ஹாரன் அடிச்சுட்டு பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க? ஸ்டூடண்ட்டுங்க ஸ்டியரிங்கை விட்டுட்டுக் காதைப் பொத்திப்பாங்க. ரெண்டு வாரமா நான் அந்த லாரியாத்தான் இந்த ரூமுக்குள்ள வந்துட்டு இருந்திருக்கேன்!" அவள் எழுந்தேவிட்டாள். "பிடிக்கல, பிடிக்கலன்னு... பயந்து போயில்ல கத்தியிருக்கார்! இப்ப இந்தப் பக்கம் உக்காந்து எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு 'போதும்' வந்துச்சா?"

வரவில்லை. அக்கா மனதுக்குள் பின்னோக்கிப் போனாள். தனக்கு ஏன் அது வரவில்லை என்பதும் இப்போது வெட்டவெளிச்சமானது. காலையில் வரும்போதே அவள் நடையிலிருந்து "வந்துட்டேன் சார்" என்று குரல் கொடுப்பாள். கால்மாட்டைச் சுற்றி இடது பக்கம் போய்த்தான் அவரைத் தொடுவாள். யோசித்துச் செய்ததில்லை, கைகால் செய்தது. தட்டைத் திருப்பியதும் அப்படியே. இரண்டு வருடமாகத் தினம் மூன்று வேளை தட்டைத் திருப்பியவளுக்கு, கட்டிலைத் திருப்பத் தோன்றவில்லை. ஊரையே முன்னாடி என்ன என்று கேட்டவள், இங்கே பத்தொன்பது வருடத்துக்கு முன்னாடி பெய்த மழையில் போய் நின்றுகொண்டாள். ஒரு நிமிடத்துக்கு முன்னாடி கதவு திறந்ததைப் பார்க்கவில்லை.

"கட்டிலைத் திருப்பணும்" என்றாள்.

மகன் வந்து தலையைச் சொறிந்தார். "மோட்டார் வயர் எட்டாதே சிஸ்டர்."

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்னு ஒண்ணு உலகத்துல இருக்குங்க" என்றாள் மருமகள். "ஊருக்கே குழாய் நீட்டற மனுஷன், ஒரு வயரை நீட்ட முடியாதா?"

அவர் கடைக்குப் போய் வாங்கிவந்தார். சர்வேயரைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டு மூன்று பேருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது கதவு இடது பக்கம். வலது பக்கம் ஜன்னல். அந்தப் பக்கமாக யாரும் வரப்போவதில்லை. அவரைப் படுக்கவைத்த பிறகு மருமகள் வெளியே போய், கதவைத் தட்டி, இரண்டு நொடி நின்று, உள்ளே வந்தாள். பாடம் நடத்துகிறவள் அல்லவா, கற்றுக்கொள்ளவும் தெரிந்திருந்தது. சர்வேயர் அவளை வாசலிலிருந்து கட்டில்வரை கண்ணாலேயே கூட்டிக்கொண்டு வந்தார்.

"சரி" என்றார்.

"அக்கா, சரின்னா என்ன?"

"சரின்னு வெச்சுக்கோ. ஒரு தடவை சொன்னதை வெச்சு ஆட வேணாம். ராத்திரி வரைக்கும் எத்தனை தடவை போறீங்க, என்ன சொல்றார்னு எழுதி வை. என்ன சொன்னார்னு மட்டும் எழுதாதே. நீ எங்க நின்னே, கையில என்ன வெச்சிருந்தே, அதையும் எழுது."

அலமாரிக் கதவில் இருந்த தாளை அக்காவே கிழித்துக் குப்பையில் போட்டாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள். இதைத் தள்ளிப்போட்டால் இன்னும் கசக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் வியாழக்கிழமை சொன்னது தப்பும்மா. அவருக்கு இங்க பிடிக்கலன்னு சொன்னேன் பாரு, அது."

"தப்புன்னா?"

கட்டில், கதவு, வலது பக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். குழையாமல், அழாமல், மன்னிப்பு என்ற வார்த்தையை நடுவில் செருகாமல் சொன்னாள்.

மகள், "நீங்க சொன்னதை வெச்சுத்தானே நான் இடம் கேட்டேன்? ரெண்டு வருஷமா நீங்க சொன்னதை வெச்சுத்தானே அப்பாவுக்கு எல்லாமே செஞ்சேன்? தோள் வலின்னீங்க, மாத்திரை குடுத்தேன். எதிர்வீட்டு மாமா வேணாம்னீங்க, அவரை வராதீங்கன்னே சொல்லிட்டேன். அதெல்லாம்?" என்றாள்.

"தோளைத் தொட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். அது சரிதான். மத்ததுல எத்தனை தப்புன்னு எனக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுன்னா எப்படிக்கா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்துடுச்சு. நாளைக்கு வா. நான் அர்த்தம் சொல்ல மாட்டேன். நீயே பாரு."

மகள் போனை வைத்துவிட்டாள். கோபமாக வைத்தாளா, அழுகையில் வைத்தாளா என்று அக்கா ஆராயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வந்தாள். துணி எடுத்துப்போக ஒரு புதுப் பை கொண்டுவந்திருந்தாள். மருமகள் தான் எழுதிய தாளை நீட்டினாள். பதினான்கு முறை உள்ளே போயிருக்கிறார்கள். ஒரு 'போதும்'. அது மகன் டிவி ரிமோட்டை எடுத்தபோது.

மூன்று பேரும் கட்டிலின் இடது பக்கம் வரிசையாக நின்றார்கள்.

"அப்பா, அண்ணன் வீட்டுலயே இருக்கீங்களா?" என்றாள் மகள்.

"இங்க உங்களுக்கு ஏதாவது குறையாப்பா?" என்றார் மகன்.

"மாமா, இல்லத்துக்குப் போறீங்களா? போறீங்கன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க!" என்றாள் மருமகள்.

"அப்புறம்" என்றார் சர்வேயர்.

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் அக்கா பக்கம் திரும்பின.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள் அக்கா. "மூணு பேர் மூணு கேள்வி கேட்டீங்க. அவர் ஒண்ணு சொன்னார். எதுக்குச் சொன்னார்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயால கேக்கறதை விடுங்க. அந்தப் பையை அவர் கண்ணுக்கு எதிர்ல வெச்சு, துணியை எடுத்து அடுக்குங்க. என்ன செய்யறார்னு பாருங்க."

மகள் பையைக் கட்டிலில், அவர் இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அவளால் குனிய முடியவில்லை. மருமகள் அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு சட்டை. இன்னொரு சட்டை. துண்டு. கண்ணாடிக் கூடு. சர்வேயர் ஒவ்வொன்றும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடத்தை அளக்க ஆள் வந்திருக்கிறது, தான் ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான் என்பதுபோல் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது சட்டையை மகள் மடிக்கும்போது அவருடைய இடது கை பைக்குள் போனது. கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தார். துண்டை எடுத்தார். ஒரு சட்டையை எடுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது, இழுத்தார். எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு, காலிப் பையை மகள் பக்கம் தள்ளினார்.

"போதும்" என்றார். கத்தவில்லை.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அறையில் யாரும் யாரையும் அர்த்தம் கேட்கவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றாள் மருமகள், தன் வழக்கமான குரலில். "இந்தத் தடவை அந்தப் 'போதும்' எனக்கு இல்ல. உனக்கு."

மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. "அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, செத்துடுவேன்" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷனை முடிச்சுட்டு வா. அது வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்புறம் மறுபடி பையைக் கொண்டா, மறுபடி பார்க்கலாம்" என்றார் மகன். அந்த வீட்டில் அவர் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியது அன்றுதான்.

"இங்கேயே இருப்பார்னு நான் உத்தரவாதம் தரலை" என்றாள் அக்கா. "இன்னைக்குப் பையை வேணாம்னார். அவ்வளவுதான் தெரியும்."

"அது போதும்க்கா" என்றாள் மகள்.

அவள் இல்லத்துக்குப் போன் செய்து, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். என்ன காரணம் என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். "வீட்டுலயே பார்த்துக்கறோம்" என்று இரண்டு முறை சொன்னாள். மருமகள் சட்டைகளை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். இரண்டு மணிக்கு ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தது. நாலு மணிக்கே அடுத்த பக்கம் திருப்பியிருக்க வேண்டும். இடுப்பில் சிவந்திருந்தாலும் சிவந்திருக்கும்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். "நீ மட்டும் இரும்மா. இடுப்புக்குக் கீழ எப்படிக் கையைக் குடுத்துப் புரட்டணும்னு காட்டறேன். உன் முதுகையும் உடைச்சுக்காதே."

மருமகள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தாள்.